என்ஜின் மேல் உட்கார்ந்த பிள்ளையார்

தருமபுரி மாவட்டத்தில் படகு என்றால் எல்லாருக்கும் ஒகேனக்கல் பரிசல்தான் நினைவுக்கு வரும். எங்களுக்குப் பெரியப்பாவின் மோட்டார் படகு. ஊர் அணைக்கு இக்கரையில், மேல்நிலைப் பள்ளி அக்கரையில். சுற்றிப் போனால் காட்டுப் பாதை. பத்தாவது முடித்திருந்த அக்கா இனிமேல் அந்தப் படகில்தான் பள்ளிக்குப் போகவேண்டும். படகு சரியாக ஓடாவிட்டால் அவள் படிப்பு பத்தோடு சரி என்று அப்பா சொல்லிவிட்டார். பள்ளி திறக்கும் நாளும் நெருங்கிவிட்டது.

படகோ அடம்பிடித்தது. சாவியைத் திருப்பினால் என்ஜின் இருமும், முனகும், கிளம்பாது. பெரியப்பா வாய்க்கு வந்தபடி திட்டி ஓய்ந்த பிறகு, போனால் போகிறதென்று ஒரு தரம் பற்றிக்கொள்ளும். ஓட ஆரம்பித்துவிட்டால் ஓரளவு ஓடும். நடு அணையில் நின்றுபோனால் பிள்ளைகள் கதி என்ன என்பது அப்பாவின் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆறு வயதில் எனக்கு நியாயம் எங்கே தெரிந்தது? அப்பா மேல் கோபம் கோபமாக வந்தது.

பெரியப்பாவின் சினேகிதரான மெக்கானிக் பாய் தருமபுரியிலிருந்து வந்தார். கார் என்ஜின்தான் பழக்கம், படகு புதுசு என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பேட்டரியை மாற்றினார், பிளக்கை மாற்றினார். ஒருவழியாகக் கிளம்பியதும், துப்பாக்கி போலிருந்த ஒரு விளக்கைச் சுழலும் சக்கரத்தின் மேல் அடித்துக் காட்டினார். சக்கரத்தில் போட்டிருக்கும் கோடு அந்த வெளிச்சத்தில் அசையாமல் நிற்பதுபோலத் தெரியவேண்டுமாம். எங்கள் கோடு முன்னும் பின்னும் குதித்தது. சக்கரம் சுற்றுவதைக் கவனித்து, எந்த நேரத்தில் நெருப்புப்பொறி விழவேண்டும் என்று தகவல் கொடுக்கும் சென்சார் ஒன்று உண்டு, அது தப்பாகச் சொல்கிறது என்றார். புதுச் சென்சார் வந்தது. அதுவும் தப்பாகவே சொன்னது.

அந்தச் சென்சாரைப் பிடித்திருந்த இரும்புத் தகட்டின் மேல்தான் பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். காரில் ஒட்டுவார்களே, அடியில் காந்தம் வைத்த பிள்ளையார். அந்தச் சித்திரையில் பெரியப்பா பூசை போட்டு ஒட்டியது. என்ஜின் பெரும்பாலும் அலுமினியம், காந்தம் எங்கும் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே வந்து, இந்தத் தகட்டைக் கண்டதும் கப்பென்று பிடித்துக்கொண்டது. சாமியே இடம் பார்த்து உட்கார்ந்துவிட்டதென்று பெரியப்பாவுக்குத் தாங்காத பெருமை. தகராறு ஆரம்பித்ததும் அதே சித்திரையில்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் மனம் வரவில்லை. பாய்கூட அவ்வளவு நாளும் பிள்ளையார்மேல் கைபடாமல், விரல்களை வளைத்து வளைத்துத்தான் வேலை பார்த்தார்.

கடைசியில் தயங்கித் தயங்கிச் சொன்னார். "காந்தம் பக்கத்துல இருந்தா சென்சார் கொழம்பிப்போவுங்க. சாமிய நான் தொடமாட்டேன். நீங்களே கொஞ்சம் தள்ளி வெச்சுக் குடுங்க, பாக்கலாம்."

பெரியப்பாவின் முகம் சுண்டிவிட்டது. "பூச போட்டு உக்கார வெச்ச சாமிங்க பாய். உத்தரவில்லாம எடுத்தா குடும்பத்துக்கு ஆவாது."

பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வீட்டுச் சின்னக் குழந்தையான நான் கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுக்கவேண்டும். வெள்ளை வந்தால் சாமி சம்மதித்துவிட்டது, சிவப்பு வந்தால் பேச்சே இல்லை. அம்மா கரைமேலிருந்த எங்கள் வீட்டுக்குப் போய், நந்தியாவட்டையும் செம்பருத்தியும் கட்டியிருப்பதாகச் சொல்லி, இரண்டு வாழையிலைப் பொட்டலங்களோடு வந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அக்கா அழுகையை அடக்கிக்கொண்டு மூக்கை உறிஞ்சுவது கேட்டது. கையில் பட்ட பொட்டலத்தை எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன்.

வெள்ளை. பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்த பொட்டலத்தை அம்மா பிரிக்காமலே தண்ணீரில் வீசினாள். அதுதான் முறை போலிருக்கிறது என்று நினைத்தேன். பிள்ளையாரைப் படகின் முன்பக்கம் ஓர் இரும்புப் பட்டையில் ஒட்டினார்கள். பெரியப்பா சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பு, என்ஜின் கிளம்பிவிட்டது. பாய் மறுபடி விளக்கை அடித்தார். கோடு ஆடாமல் நின்றது. நிறுத்தி நிறுத்திக் கிளப்பிப் பார்த்தார்கள், ஒரு தரமும் முரண்டவில்லை. அப்பா அக்காவைப் பார்த்து, "புது பேக் வேணுமா?" என்றார்.

எல்லாம் என் கைராசி என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு ஓடினேன். எங்கள் செம்பருத்திச் செடியில் அன்று பூத்தது ஒரே ஒரு பூ. காலையில் நான் கேட்டு அம்மா தரமாட்டேன் என்ற பூ, அப்படியே செடியில் இருந்தது. பொட்டலத்தில் கட்டிய பூ செடியில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பறித்துத் தலையில் வைத்துக்கொண்டு படகுப் பக்கம் கிளம்பினேன்.

எதிரே வந்த அம்மா என்னை இழுத்து நிறுத்தினாள். திட்டவில்லை. பூவை நன்றாகச் செருகிவிட்டு, "பெரியப்பா போற வரைக்கும் வூட்டுக்குள்ளயே இரு கண்ணு" என்றாள்.

சிவப்புப் பூ வைத்துக்கொண்டு போனால் படகுக்கு ஆகாதாக்கும் என்று நினைத்துக்கொண்டு, சமர்த்தாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன்.