யார் பேர்ல போடட்டும்?

அந்தத் தெருவில் அவருக்குப் பெயர் கொட்டேஷன். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று பென்ஷன் புத்தகத்தில் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். பம்பு செய்கிற தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். அங்கே ஒரு டப்பா கிரீஸ் வாங்குவதென்றாலும் மூன்று கடையில் விலை எழுதி வாங்கி, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் ஆர்டர் போட வேண்டும். வேலை அப்படி, சரி. ஆனால் மனுஷன் அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். குளியலறைக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்க மூன்று கடை ஏறி இறங்கினார் என்றால் மற்றதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

"நல்லவேளை, என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி வேற ரெண்டு பேரைப் பாக்கல" என்பாள் மனைவி.

"பாத்தேன். நீ மூணாவது" என்பார் அவர்.

இது நாற்பது வருஷச் சண்டை. வாரத்துக்கு ஒரு தடவையாவது நடக்கும். இருவருக்கும் அலுத்ததில்லை.

ரிட்டயர் ஆனபோது பொறுப்பை ஒப்படைக்க எல்லோரும் ஒரு நாள் எடுத்துக்கொள்வார்கள். இவர் மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு அலமாரியாக, ஒவ்வொரு போல்ட் பெட்டியாக, அடுத்து வந்தவரை நிற்க வைத்து எண்ணிக் காட்டி, "வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்துப் போடு" என்று வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தார். அந்த ஆள் பாதியில் லீவு போட்டுவிட்டு ஓடப் பார்த்தாராம், விடவில்லை.

அப்பேர்ப்பட்ட ஆள் இப்போது முன்னறையில் ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தார். சட்டைக் கழுத்துக்குள் இன்னொரு கழுத்து போகும், அப்படி இளைத்துவிட்டார். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், குடிதண்ணீர் மெஷினுக்குப் பக்கத்தில் நிறுத்தி, டாக்டர் மனைவியிடமும் மகனிடமும் சொன்னார். கணையத்தில் கட்டி. அறுக்கிற நிலைமையைத் தாண்டிவிட்டது. மூன்று மாதம், மிஞ்சிப்போனால் ஐந்து.

"அப்பாவுக்குத் தெரியக் கூடாதும்மா" என்றான் மகன்.

அவளும் அதைத்தான் நினைத்தாள். காரணம், அவருடைய அண்ணன். அந்த மனிதரிடம் டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார். கேட்ட அன்றைக்குச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான், அதற்குப் பிறகு யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஒரு மாதம் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். தன் புருஷனுக்கு அந்தச் சுவர் வேண்டாம் என்று அவள் முடிவு பண்ணினாள். வேறு எதையும் காப்பாற்ற முடியாது, இதையாவது காப்பாற்றலாம். வயிற்றில் புண், மருந்து கேட்க நாளாகும் என்று அவரிடம் சொன்னாள். ரிப்போர்ட்டையெல்லாம் போர்வை மடிப்புக்குள் ஒளித்து வைத்தாள். அவள் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள், அந்த இரண்டு மாதத்தில் நன்றாகவே பழகிக்கொண்டாள்.

அண்ணன் கதையில் இன்னொரு பாதி உண்டு. அதை இவர் வருகிறவர்களுக்கெல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லுவார். கரன்ட், கேஸ், போன், அத்தனையும் அண்ணன் பேரில். அவர் போன பிறகு பேர் மாற்ற அண்ணியைக் கூட்டிக்கொண்டு இவர் பதினொரு மாதம் அலைந்தார். ஒரு கவுன்டரில், கையெழுத்துப் போட்டவரே நேரில் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். "அவர் வர மாட்டார். அவசரம்னா நீங்க போய்ப் பாருங்க" என்று இவர் சொன்னாராம். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அண்ணி மட்டும் சிரிக்க மாட்டாள்.

ஒருநாள் காலையில், மருந்தை விழுங்கிவிட்டு, "டிவி கனெக்ஷனை மாத்தணும்" என்றார்.

மனைவி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"இந்தக் கேபிள்ல படமா வருது? எல்லாம் ஒரே கலங்கல். எச்டி வேணும். ரெக்கார்டு பண்ற பெட்டியோட வேணும். என் நீள நோட்டை எடு."

புதுசாக ஒன்று வேண்டும் என்று கேட்கிறவன் இருக்கப்போகிறவன் மாதிரிதானே பேசுகிறான். பாவி மனுஷன், ஒன்றும் தெரியாமல் ஆசைப்படுகிறாரே என்று அடுப்படிக்குப் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஸ்கேல் வைத்து நான்கு கட்டம் போட்டார், கேள்விகளுக்கு ஒன்று, மூன்று கொட்டேஷனுக்கு மூன்று.

முதலில் கேபிள்காரர் வந்தார். இருபது வருஷமாக அந்தத் தெருவுக்கு வயர் இழுத்தவர்.

"எச்டி பாக்ஸ் தரேன்ணே. ரெக்கார்டு கிடையாது. அது எதுக்கு, மறுநாள் மத்தியானம் திரும்பப் போடுறானே."

"ரிப்பேர்னா யார் வருவா?"

"நான்தான் வருவேன்."

"உனக்கே அறுபதைத் தாண்டிருச்சு. உனக்கப்புறம்?"

கேபிள்காரர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, போட்ட டீயைக்கூடக் குடிக்காமல் போனார். "நல்லாக் கேட்டீங்க போங்க" என்று சொல்ல மனைவிக்கு நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. இப்போதெல்லாம் அவர் எது சொன்னாலும் "சரிங்க" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள்.

இரண்டாவது, இன்டர்நெட் வழியாக டிவி கொடுக்கிற கம்பெனி. அது போனிலேயே முடிந்தது. ஒன்றை அமுக்கு, நாலை அமுக்கு என்று இருபது நிமிஷம் பாட்டுப் போட்டார்கள். கடைசியில் ஒரு குரல் வந்தது. டிவிக்கு ஒரு ரிமோட், பெட்டிக்கு ஒரு ரிமோட்.

"ரெண்டு ரிமோட்டா? ஒரே ஆள் தனியாச் சமாளிக்க முடியுமா?"

"ஈஸி சார்."

"கெட்டுப்போனா ஆள் அனுப்புவீங்களா?"

"ஆப்ல கம்ப்ளைன்ட் போடலாம் சார்."

அவர் போனை வைத்துவிட்டு அந்தக் கட்டத்தைக் குறுக்கே அடித்தார்.

"ரெக்கார்டு கட்டாயம் வேணுமா உங்களுக்கு?" என்று மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"எனக்கு எதுக்கு? ஏழரைக்கு உன் சீரியல். அந்த நேரம் பாத்துத்தான் நீ எனக்கு உடம்பு துடைச்சு, துணி மாத்திக்கிட்டு இருக்க. ரெண்டு மாசமா நீ அதைப் பாக்கவே இல்ல."

அந்த சீரியலை அவர் கரித்துக் கொட்டாத நாள் கிடையாது. அந்த மருமகள் இன்னும் மாடிப்படி இறங்கி முடிக்கவில்லையா என்று ஆறு மாதம் கேட்டவர்.

மூன்றாவதாக டிஷ் கம்பெனிப் பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும், தோளில் கனமான பை, வெயிலில் நடந்து வந்த முகம். பெட்டியையும் ரிமோட்டையும் எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள். இத்தனை மணி நேரம் பதியும், ஒன்றைப் பார்க்கும்போதே இன்னொன்றைப் பதியலாம் என்று விவரமாகச் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு ரிமோட்டைத் தூக்கி மனைவியிடம் நீட்டினார்.

"கண்ணாடியைக் கழட்டிட்டுப் படி. இது என்ன பட்டன்?"

"நான் எதுக்குங்க..."

"படின்னா படி."

அவளுக்கு ஒரு கண்ணில் புரை. இருந்தாலும் எழுத்து பெரிதாக இருந்ததால் படித்துவிட்டாள். அவர் நோட்டில் ஒரு டிக் போட்டார். கெட்டுப்போனால் ஆள் வருமா என்று கேட்டார். ரெண்டு நாளில் வீட்டுக்கே வந்துவிடுவார்கள் என்றாள் அந்தப் பெண். அதற்கும் ஒரு டிக்.

"அப்ப முடிச்சிரலாமா சார்? மாசா மாசம்னா பெட்டியை நீங்க காசு கொடுத்து வாங்கணும். ரெண்டு வருஷ பிளான்னா பெட்டி இலவசம். எது போடட்டும்?"

ரெண்டு வருஷம். அந்த வார்த்தையைக் கேட்டுத் தன் முகத்தில் ஏதாவது தெரிந்துவிடுமோ என்று மனைவி ஜன்னல் பக்கம் திரும்பி, மடித்திருந்த துண்டை உதறி மறுபடியும் மடித்தாள்.

"ரெண்டு வருஷமே போடும்மா" என்றார் அவர், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. தெரியாது. இவருக்கு ஒன்றும் தெரியாது. சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று புரியாமல் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கம்பெனிப் பெண் ஃபாரத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தாள்.

"யார் பேர்ல போடட்டும் சார்?"

"அவ பேர்ல போடு."

மனைவி துண்டை ஜன்னலிலேயே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

அந்த வீட்டில் கரன்ட் அவர் பேர். கேஸ் அவர் பேர். தண்ணீர் வரி, கேபிள், மகன் வாங்கிக் கொடுத்த செல்போன்கூட அவர் பேர்தான். நாற்பது வருஷத்தில் ஒரு துண்டுச் சீட்டில் அவள் பேரை எழுதச் சொன்னவரில்லை. மூன்று கொட்டேஷனும் அவளுக்கு அப்போதுதான் விளங்கின. ஒரே ஆள் சமாளிக்க முடியுமா. கெட்டுப்போனால் யார் வருவார். உனக்கப்புறம். கண்ணாடியில்லாமல் படி. எதுவுமே அவருக்காகக் கேட்ட கேள்வி இல்லை.

"அம்மா, பேர் சொல்லுங்க" என்றாள் அந்தப் பெண்.

அவள் தன் பேரைச் சொன்னாள். குரல் உடைந்து பாதிதான் வந்தது, அந்தப் பெண் மறுபடி கேட்டு எழுதிக்கொண்டாள்.

"வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்துப் போடு" என்றார் அவர்.

போட்டாள். கம்பெனிப் பெண் நன்றி சொல்லிவிட்டு, நாளைக் காலையில் ஆள் வரும் என்று சொல்லிப் போனாள். கதவு சாத்திய சத்தம் கேட்டதும் மனைவி கட்டில் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"யார் சொன்னா உங்களுக்கு?"

"யாரும் சொல்லல."

"பின்ன?"

"ரெண்டு மாசமா நீ என்கூடச் சண்டையே போடல. எதுக்கெடுத்தாலும் சரிங்க, சரிங்க. எனக்குப் பயமாப் போச்சு."

அவள் வாய்விட்டு அழுதாள். இரண்டு மாதமாக அடுப்படியிலேயே அழுது முடித்ததையெல்லாம் அவர் எதிரிலேயே அழுதாள். ஏமாற்றிவிட்டேன் என்று நினைத்த ஆள் தனியாகப் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் யோசித்திருக்கிறார், ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லக்கூடத் தான் பக்கத்தில் இல்லையே என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவர் கையை நீட்டினார், அவள் தலைவரை எட்டவில்லை. அவள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி மாதிரி நீ கவுன்டர் கவுன்டரா நிக்கக் கூடாதுன்னு பாத்தேன்" என்றார். "கரன்டு, கேஸ் எல்லாத்துக்கும் ஆபீசுக்குப் போகணும். படி ஏறணும். என் கால் தாங்காது. இது ஒண்ணுக்குத்தான் வீட்டுக்கே வர்றேன்னாங்க."

மறுநாள் காலையில் இரண்டு பேர் வந்து மொட்டை மாடியில் டிஷ்ஷைப் பொருத்திவிட்டுப் போனார்கள். படம் பளிச்சென்று வந்தது. அவர் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஸ்டோரில் ஆளைப் பழக்குகிற மாதிரியே பழக்கினார். சிவப்புப் பட்டன். நேரம். தினமும் என்கிற கட்டம். சரி. அவள் தப்பாக அமுக்கினால் "முதல்லேருந்து" என்றார். ஒரு கட்டத்தில் அவர் முகம் வெளுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு வலியைப் பொறுத்தார். போதும் என்றாள். போதாது என்றார். ஒன்பதாவது தடவைதான் விட்டார்.

அன்றைக்கு உடம்பு துடைக்கிற வேலையை அவள் ஆறரைக்கே முடித்துவிட்டாள். ஏழரைக்குப் பெட்டி தானாகப் பதிய ஆரம்பித்தது, பக்கத்தில் அவளும் உட்கார்ந்தாள்.

"இவ இன்னுமா அழுதுக்கிட்டு இருக்கா?" என்றார் அவர்.

"வாயை மூடிக்கிட்டுப் பாருங்க. இல்லன்னா அந்தப் பக்கம் திரும்பிப் படுங்க."

சொன்ன பிறகுதான் அவளுக்குச் சுவர் ஞாபகம் வந்து திடுக்கென்றது. அவர் திரும்பவில்லை. "மூணாவது கொட்டேஷனை எடுத்தது என் தப்பு" என்று சொல்லிவிட்டு, வலியோடு வலியாகக் கடைசி வரை பார்த்தார்.

ஏழு வாரம் இருந்தார். கடைசிப் பத்து நாள் நினைவில்லை. பெட்டி மட்டும் தினமும் ஏழரைக்குப் பதிந்துகொண்டிருந்தது.

அவர் போய்ப் பதினைந்து நாளில் மகன் இறப்புச் சான்றிதழை இருபது நகல் எடுத்துக்கொண்டு வந்தான். அவருடைய நீள நோட்டையே எடுத்துவைத்துக்கொண்டு அம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினான். கரன்ட். கேஸ். தண்ணீர் வரி. போன். ஒவ்வொன்றுக்கும் ஒரு நகலைப் பிரித்து வைத்தான்.

"டிவி கனெக்ஷன்?" என்று கேட்டு இன்னொரு நகலை எடுத்தான்.

"அதுக்கு வேண்டாம்டா" என்றாள். "அது என் பேர்ல இருக்கு."