தலைகீழாக ஒரு மலைச்செடி

ராஜபாளையத்தில், அய்யனார் கோவில் போகும் சாலையோர நர்சரியில் நிற்கிறேன். என் கையில் கொடைக்கானல் நண்பர் தந்த மெக்சிகோ மலைச்செடி. ஆனைக்கற்றாழைக்குச் சொந்தம், ஆனால் முள் கிடையாது. மூன்றே வாரத்தில் அடி அழுகிவிட்டது.

நர்சரிக்கார அக்கா இதே செடியைத் திருஷ்டிக்காக வாசலில் தலைகீழாகக் கட்டியிருக்கிறார். மண்ணில்லாமலே புதுக் குருத்து விட்டிருக்கிறது.

"இது சோத்துக் கத்தாழை இல்லக்கா."

"அப்படியா? கத்தாழைன்னுல்ல கட்டுனேன்! நீங்க தண்ணி எம்புட்டு ஊத்துனிய?"

"தினமும்."

"அதான். இங்க குடுங்க."

அழுகலை அறுத்து, மண்ணை உதறி, கயிறு கட்டி நீட்டுகிறார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் செடி என் கையில் தலைகீழாக ஆடுகிறது.

"புது வீடா சார்?" என்கிறார் கண்டக்டர்.

"இல்லை, செடி வளர்க்கிறேன்."

அவர் செடியைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். எனக்கே சந்தேகம் வந்துவிடுகிறது.