காது உடையாத யானைகள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, கரும்பு வெட்டு தொடங்கியிருந்த ஒரு கார்த்திகை மாதம். பெண்ணாடத்திலிருந்து விருத்தாசலம் வரும் சாலை. அன்று காலை பத்து மணிக்கு நான் ஒருத்தியின் உயிரை எடுத்திருப்பேன்.

எங்களுக்குப் பீங்கான் பொம்மைத் தொழில். வீட்டை ஒட்டிய கொட்டகையில் வார்ப்போம். சுடுவதற்கு விருத்தாசலத்துச் சூளைக்குக் கொண்டுபோவோம். சுடாத பொம்மை அப்பளம் மாதிரி. அதை ஏற்றிப்போக நான் வைத்திருந்ததோ, ஆசைப்பட்டுப் பழையதாக வாங்கிய, தரையோடு ஒட்டிப் பாயும் ஒரு சின்னக் கார். பக்கச் சுவர் குட்டையான, இறுக்கமான டயர்கள். ஸ்டீயரிங்கைப் பிடித்தால் ஜல்லி, ஈரத் தார், புதிதாக அடித்த வெள்ளைக் கோடு எல்லாம் விரல் நுனிக்கு வந்துவிடும். சாலையை நான் கண்ணால் பார்த்ததைவிடக் கையால் பார்த்ததே அதிகம்.

பொம்மைகளுக்கு அது ஒத்துவரவில்லை. போகிறபோதெல்லாம் ஒரு யானைக் காது, ஒரு கிருஷ்ணர் விரல். மடியில் தட்டோடு உட்கார்ந்து வரும் என் கணவர் பொரிந்து தள்ளுவார். “இது டயரா, ஒரலா? நீ ஓட்டுற, நாங்க மாவாவுறோம்!”

மெத்தென்ற டயராக மாற்றிவிடலாம் என்று மங்கலம்பேட்டை டயர் கடைக்குப் போனேன். கடைக்காரர் வளைகுடா நாட்டில் பல வருடம் பந்தயக் கார்களுக்கு டயர் மாட்டியவர்.

“அக்கா, இந்த வண்டிக்கு ரோட்டப் புடிக்கிற டயருதான் சரி. மெத்துமெத்துன்னு போட்டா இடுப்பு சொகமா இருக்கும். ஆனா ஸ்டீயரிங்கு ஊமையாயிடும். அப்புறம் ஈரத்துல பிரேக்க மெதிச்சாலும் நெனச்ச எடத்துல நிக்காது.”

“ஓட்டுறது நான்தானே பாய்? போடுங்க.”

மாட்டிய கையோடு, நானும் கணவரும் பின் சீட்டில் ஆறு சுடாத யானைகளை நிறுத்திவைத்து, குண்டும் குழியுமான கடைத்தெருவை ஒரு சுற்று சுற்றினோம். ஒரு காதுகூட விழவில்லை. எங்கள் தொழிலில் எதையும் இப்படித்தான் அளப்போம். உடையாமல் வந்தால் நல்ல பாதை, நல்ல வண்டி, நல்ல ஓட்டுநர். தீர்ப்புச் சொல்லும் வேலையை யானைகளிடம் கொடுத்துவிட்டு நான் நிம்மதியாக இருந்தேன்.

அந்தக் கார்த்திகைக் காலையில் தூறல். கணவர் வரவில்லை, யானைத் தட்டு பின் சீட்டில். வயலிலிருந்து ஏறும் கரும்பு டிராக்டர்கள் சக்கரத்தோடு மண்ணை இழுத்துவந்து தாரில் பூசியிருந்தன. களிமண்ணும் தண்ணீரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் கைக்கு ஒரு சேதியும் வரவில்லை. தொட்டிலில் போவதுபோல் போய்க்கொண்டிருந்தேன்.

முன்னால் மொபெட்டில் ஒரு பெண், பின்னால் பால் கேன். வயலிலிருந்து ஒரு டிராக்டர் சாலையில் ஏற, அவள் நின்றாள். நான் பிரேக்கை மிதித்தேன். பெடல் காலடியில் படபடவென்று அடித்தது, கார் நிற்கவில்லை. அவள் முதுகு, ஈரப் புடவை, பால் கேனின் மூடி எல்லாம் பெரிதாகிக்கொண்டே வந்தன. பிரேக்கை விட்டு இடப்பக்கம் ஒடித்தேன். ஓரத்துப் புல்லை டயர் கவ்வியது. கரும்பு வரப்பில் மூக்கைக் குத்திக் கார் நின்றது. என் வலப்பக்கக் கண்ணாடிக்கும் அவள் பின்சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண்.

தட்டைப் பார்த்தேன். ஒரு யானைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவற்றின் கணக்கில் நான் இப்போதும் நல்ல ஓட்டுநர்.

அவள் இறங்கி வந்தாள். “காரு ஓட்டுறியா, பரிசல் ஓட்டுறியா? ரோடு வழுக்குதுன்னு இந்த ஓட்ட மொபெட்டுல வர எனக்கே ஒரு மைலா தெரியுது. ஒனக்குத் தெரியலியா?”

“தெரியலம்மா” என்றேன். அதுதான் உண்மை.

அவள் மொபெட் பையைத் திறந்தாள். “சரி, ஒண்ணும் ஆவல. மூஞ்சியக் கழுவு, வெளுத்துப் போச்சு” என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். டிராக்டர்காரரைக் கூப்பிட்டுக் காரை இழுக்கச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள்.

அன்று மதியமே டயர் கடைக்குப் போனேன். நடந்ததைக் கேட்டதும் கடைக்காரர் சிரிக்கவில்லை. பழைய இறுக்கமான டயர்களையே திரும்ப மாட்ட ஜாக்கியை எடுத்தார். பொம்மைகளுக்கு உமி பரப்பிய பெட்டி செய்தோம். பள்ளம் வந்தால் கணவர் இன்றும் ‘அம்மா’ என்கிறார். சொல்லட்டும். எந்த டயர் நல்லது என்று கேட்பவர்களிடம் இப்போது தயங்காமல் சொல்கிறேன்: சொகுசை வேறெங்காவது வைத்துக்கொள்ளுங்கள், ஸ்டீயரிங்கில் வேண்டாம். சாலை என் உள்ளங்கையில் வந்து சொல்வது எவ்வளவு கரடுமுரடாக இருந்தாலும் முழுவதும் கேட்டுக்கொள்கிறேன். அது எனக்காக மட்டும் வரும் சேதி இல்லை, முன்னால் முகம் தெரியாமல் போய்க்கொண்டிருக்கும் ஒருத்திக்காகவும்தான்.