அடையாறில் இருந்த ஸ்விட்ச்

அட்டைப்பெட்டி வாசனை. ஸ்பிரிட் வாசனை. இரண்டுக்கும் நடுவே, சர்வரின் பின்பக்கத்திலிருந்து வரும் சூடான தூசியின் வாசனை...

இன்று ஏதோ ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்தபோது அந்த அறை திரும்ப வந்தது.

தொண்ணூறுகளின் பிற்பாதி. தி. நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால், ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து அனுப்பும் கம்பெனி. என் முதல் வேலை. எந்த மருந்து, எந்த பேட்ச், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனது... எல்லாம் அந்த ஒரு சர்வருக்குள்.

கட்டடத்திலேயே ஏ.சி. இருந்த அறை அது ஒன்றுதான். அதனால் குடோனைப் பார்த்துக்கொண்ட ஏழுமலை அண்ணன் மதியச் சாப்பாட்டை அங்கேதான் பிரிப்பார். நொச்சிக்குப்பத்துக்காரர்; பெரும்பாலும் மீன்குழம்புதான்.

"இந்தப் பொட்டிக்கு வந்த வாழ்வைப் பாரும்மா. ஏ.சி. கேக்குது. என் பொண்டாட்டிகூட கேட்டதில்ல."

ஒருநாள் டை கட்டிய ஒருவர் வந்தார். அடையாறில் அவர்களுக்குப் பெரிய கம்ப்யூட்டர் சென்டர். எங்கள் சாஃப்ட்வேரை அங்கே வைத்துவிடலாம். நாங்கள் இங்கிருந்து டெலிபோன் லைனில் மோடம் வழியாக வேலை செய்தால் போதும். பழுது, பேக்கப் எல்லாம் அவர்கள் பொறுப்பு.

முதலாளி ராமதுரை சாருக்கு முகம் மலர்ந்தது.

நான் ஒன்றுதான் கேட்டேன். "அந்தக் கம்ப்யூட்டரை ஆஃப் பண்ற ஸ்விட்ச் யார் கையில இருக்கும்?"

டை கட்டியவர் சிரித்தார். "மேடம், அதை யாருமே ஆஃப் பண்ண மாட்டாங்க."

"அவ அப்படித்தான் ஏதாவது கேட்டுண்டே இருப்பா. நீங்க ஆரம்பிங்கோ" என்றார் சார். பிறகு என்னிடம், "மாசக் கடைசிக்குள்ள அந்தப் பழைய மிஷினை அணைச்சு மூட்டை கட்டிடு, வசந்தி."

நான் அணைக்கவில்லை.

மானிட்டரை மட்டும் அணைத்தேன். ஒரு மேஜைவிரிப்பைப் போர்த்தினேன். முன்னால் சலைன் பெட்டிகளை அடுக்கினேன். தினமும் மாலை, அன்றைக்கு அனுப்பிய சரக்கின் பட்டியலை அடையாறிலிருந்து மோடம் வழியாக இறக்கி, பழைய சர்வரில் சேர்ப்பேன். மோடம் கத்தும். இறங்கி முடிவதற்குள் மயிலாப்பூர் பஸ் போய்விடும்.

தெரிந்தால் வேலை போகும். அப்பா ரிட்டயர் ஆகியிருந்தார். வீட்டில் வேலைக்குப் போனது நான் ஒருத்திதான்.

ஏழுமலை அண்ணனுக்கு மட்டும் தெரியும். "ஏ.சி.யை எடுத்துடுவாங்கன்னுதானே நானும் வாயைத் தொறக்கல" என்பார்.

அந்த வருட ஆயுத பூஜை. காலையிலேயே கற்பூரம் காட்டி, பொரி வாங்கிக்கொண்டு எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். நானும் பையை மாட்டிவிட்டேன். போன் அடித்தது. சலைன் பாட்டில் தயாரிக்கும் கம்பெனி. ஒரு பேட்ச் பாட்டிலுக்குள் ஏதோ துகள் மிதக்கிறதாம்.

"யாருக்கும் ஏத்த விடாதீங்க. உடனே திருப்பி எடுங்க."

உடனே என்றால், அது யாரிடமெல்லாம் போனது என்று உடனே தெரிய வேண்டும். அடையாறு சர்வர் பதில் தரவில்லை. மறுபடி. மறுபடி. சென்டருக்கே போன் போட்டேன். வாட்ச்மேன் எடுத்தார்.

"பூஜை போட்டு எல்லா மிஷினையும் ஆஃப் பண்ணிட்டாங்கம்மா. ரூம் பூட்டிக் கீது. நாளிக்கி நல்ல நேரம் பாத்துதான் தொறப்பாங்க."

"சாவி?"

"சாரு ஊருக்குப் பூட்டாரு. பொரி வோணும்னா கீது."

சலைன் பெட்டிகளைத் தள்ளினேன். விரிப்பை இழுத்தேன். என் சர்வரும் அணைந்திருந்தது. நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. ஸ்விட்சின் மேல் சந்தனம்.

குடோனைப் பூட்ட இருந்த ஏழுமலை அண்ணன் வாசலில் நின்றார். "நான்தாம்மா ஆஃப் பண்ணேன். அதுவும் வருசம்பூரா ஒழைக்குதில்ல... நாளிக்கித்தான் தொடணும். சாமி குத்தம்."

"அண்ணே, எங்கேயோ ஒருத்தருக்கு அதை ஏத்திக்கிட்டு இருப்பாங்க."

உள்ளே வந்தார். பிறகு தோளில் கிடந்த துண்டால் சந்தனத்தை அவரே துடைத்தார்.

சர்வர் முனகிக்கொண்டு எழுந்தது.

பதினோரு ஆஸ்பத்திரிகள். ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். திருவான்மியூரில் ஒரு நர்சிங் ஹோமில் மட்டும் போனை எடுக்கவில்லை. ஏழுமலை அண்ணன் மொபெட்டை உதைத்துக் கிளம்பினார். திரும்பி வந்தபோது சட்டை நனைந்திருந்தது. பையில் பாட்டில்கள்.

"ஒண்ணை ஸ்டாண்டுல மாட்டிட்டாங்கம்மா... ஊசிதான் இன்னும் குத்தல."

மறுநாள், விஷயம் தெரிந்து ராமதுரை சார் கூப்பிட்டார்.

"அணைக்கச் சொன்னேனே?"

"சொன்னீங்க சார்."

"அப்புறம்?"

"அணைக்கல சார்."

"பூஜை போட்டதை வேற தொட்டிருக்கே."

"தொட்டேன் சார்."

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் மேஜையில் இருந்த பேப்பர்களை அடுக்கி வைத்தார். பிறகு, "பொரி எடுத்துண்டியோ?" என்றார்.

சாஃப்ட்வேர் அடையாறிலேயேதான் இருந்தது. ஒப்பந்தம் அப்படி. ஆனால் பழைய சர்வரை மூட்டை கட்டும் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. மேஜைவிரிப்பை எடுத்துவிட்டேன்.

யோசித்தால், நான் ஒன்றும் பெரிய அறிவாளி இல்லை. இரண்டு இடத்திலும் அதே பூஜை. இரண்டு இடத்திலும் அணைத்தார்கள். ஒரு ஸ்விட்ச் கை எட்டும் தூரத்தில் இருந்தது. அவ்வளவுதான்.

இப்போது வேறு கம்பெனி; கொட்டிவாக்கத்தில் கண்ணாடி அறையில் மீட்டிங். எங்கள் சாஃப்ட்வேர் எந்த நாட்டில் ஓடுகிறது என்று அங்கே யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டியதில்லை என்கிறார்கள். பொட்டு வைக்க ஒரு பெட்டிகூட இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து மீன்குழம்பு பிரிக்க ஒருவரும் இல்லை...

நான் அதே கேள்வியைக் கேட்கிறேன். அதே சிரிப்பு. டை மட்டும் இல்லை.

என் மேஜைக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. தினமும் மாலை ஒரு பிரதி அதில் இறங்குகிறது. அணைக்கச் சொல்லி யாரும் இன்னும் வரவில்லை.

வந்து சொல்லிப் பார்க்கட்டும்.