நான் முந்திச் சொன்ன சாட்சி

செவ்வாய், வியாழன், சனி. மத்தியானம் ஒரு மணிக்கு என் வீட்டுக்காரரை மெஷினில் ஏற்றினால் ஐந்து மணிக்குத்தான் இறக்குவார்கள். ஈப்போவில் ஒரு கடைவரிசையின் கோடியில் இருந்தது அந்த டயாலிசிஸ் சென்டர். பன்னிரண்டு நாற்காலி, சுவரில் ஒரு டிவி, அதில் சத்தமில்லாமல் ஓடும் சீன நாடகம். கையில் செய்த இணைப்பு இரண்டு தடவை கெட்டுப்போனதால் அவருக்குக் கழுத்தோரம் குழாய் வைத்திருந்தார்கள். தலையைக்கூட இஷ்டத்துக்குத் திருப்ப முடியாது. எழுந்து போவது பற்றிப் பேச்சே இல்லை.

அதைத்தான் நான் பயன்படுத்திக்கொண்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஓட முடியாத மனிதரிடம்தான் நான் நற்செய்தி சொன்னேன்.

அதற்கு முன் பதினோரு வருஷம் அவர் ஓடிக்கொண்டேதான் இருந்தார். எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு அக்கா கையைப் பிடித்து ஜெபித்தாள். அதிலிருந்து நான் சபைக்குப் போகிறேன். அவர் தடுக்கவில்லை. "நீ போலா, எனக்கென்ன" என்றார். அவர் ஈப்போவுக்கும் தைப்பிங்குக்கும் லோரி ஓட்டியவர். ஸ்டியரிங்குக்கு மேலே முனியாண்டி படம், நெற்றியில் மூன்று விரல் திருநீறு. நான் ஆண்டவரைப் பற்றி வாயெடுத்தால் அவருக்கு எங்காவது ஒரு லோடு வந்துவிடும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் நானும் அவரும்தான், எங்கள் இரண்டு சாமிகளும்.

சிறுநீரகம் போனதும் லோரி போயிற்று. நான் ஜெலாப்பாங்கில் பார்த்த கையுறைத் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு அவருக்கு டிரைவர் ஆனேன். நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, வசனம், செய்தி, பரலோகம், நரகம் என்று நாலு மணி நேரமும் ஓதினேன். நர்ஸ் மிஸ்ஸி வந்து பிரஷர் பார்க்கும்போது மட்டும் நிறுத்துவேன். பிரஷர் கூடியிருந்தால் அதற்கு நான்தான் காரணம்.

ஒருநாள் அவர் கேட்டார். "எங்கம்மா எங்க இருக்கு?"

எனக்குப் புரியவில்லை. அவருடைய அம்மா செத்து இருபது வருஷம் ஆகிறது.

"ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டிச்சு எங்கம்மா. விடியறதுக்கு முன்ன பெரட்டுல நின்னு பேரு குடுத்துட்டு பால் வெட்ட மலைக்குப் போவும். பொழுது சாஞ்சா முனியாண்டிக்குச் சூடம் காட்டிட்டுப் படுத்துரும். ஒங்க ஏசு பேர ஒருதரம்கூட யாரும் அதுகிட்ட சொன்னதில்ல. இப்ப அது எங்க இருக்கு? நீதான் மேல உள்ள வெவரமெல்லாம் தெரிஞ்ச ஆளாச்சே."

நல்ல வேளை, இந்தக் கேள்விக்குப் பாஸ்டர் ஏற்கெனவே பதில் சொல்லிக் கொடுத்திருந்தார். "கேள்விப்படாதவங்கள ஆண்டவர் கைவிடமாட்டாருங்க. அவங்கவங்க மனசாட்சியப் பாத்து நியாயமா தீர்ப்பாரு."

"அப்ப கேள்விப்படாதவங்களுக்கு ஒரு வழி இருக்கு."

"இருக்கு."

"நானும் கேள்விப்படாமத்தான இருந்தேன். நீ வந்து சொல்லிச் சொல்லி அந்த வழிய அடச்சிட்டியேலா."

பக்கத்து நாற்காலித் தமிழ்க்காரர் சிரித்துவிட்டார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. அதைவிட மோசம், அன்று வீட்டுக்குப் போய் மீன் கழுவும்போதும் அந்தக் கேள்வி கூடவே நின்றது. அவருக்குச் சொல்லப் பதில் இல்லாதது ஒரு பக்கம். எனக்கே பதில் இல்லை என்பது இன்னொரு பக்கம்.

பாஸ்டரிடம் போனேன். அவர் நல்ல மனிதர், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். "வாதாடாதீங்க சிஸ்டர். விசுவாசத்துல அறிக்கை பண்ணுங்க. நடந்துருச்சின்னே சொல்லுங்க, ஆண்டவர் நடத்திக் குடுப்பாரு" என்றார். எங்கள் சபையில் இது வழக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் மைக்கைப் பிடித்து, இன்னும் கிடைக்காத வேலைக்கு நன்றி சொல்வார்கள், இன்னும் பிறக்காத பேரனுக்கு நன்றி சொல்வார்கள். 'விசுவாசத்தில் சொல்கிறேன்' என்று முன்னால் ஒரு வார்த்தை போட்டுக்கொள்வார்கள். கேட்பவர்களுக்கும் அது என்னவென்று தெரியும்.

அடுத்த ஞாயிறு நான் மைக்கைப் பிடித்தேன். "என் வீட்டுக்காரர் இரட்சிக்கப்பட்டார்" என்றேன். அந்த முன்வார்த்தையைப் போடவில்லை. மறந்துபோய் விட்டுவிட்டேன் என்று பல நாள் எனக்கே சொல்லிப் பார்த்தேன். மறக்கவில்லை. எல்லாரும் அல்லேலூயா சொல்லிக் கைதட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன், தட்டினார்கள்.

வியாழக்கிழமை பாஸ்டரும் நாலு அக்காமாரும் டயாலிசிஸ் சென்டருக்கே வந்துவிட்டார்கள். கையில் ஆரஞ்சு, வாழைப்பழம். இரண்டும் அவருக்கு ஆகாது, பொட்டாசியம் ஏறி நெஞ்சு நின்றுவிடும். பாஸ்டர் அவர் கையைப் பிடித்து, "பிரதர், ஆண்டவரோட குடும்பத்துக்கு ஒங்கள வரவேற்கிறோம்" என்றார். அவர் என்னைப் பார்த்தார். அந்த இடத்தில் அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், நான் தொலைந்தேன்.

"ஸ்தோத்திரம் பாஸ்டர்" என்றார்.

வீட்டுக்குப் போகும்போது சிக்னலில் கார் நின்றது. "ஏங்க அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"பின்ன? நாலு பேரு முன்னாடி என் பொண்டாட்டியப் பொய்க்காரின்னு சொல்லச் சொல்றியா?" அவ்வளவுதான். அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே சட்டை போட்டுக்கொண்டு சபைக்குக் கிளம்பி நின்றார். நெற்றி வெறுமையாக இருந்தது. நாற்பது வருஷ நெற்றி. நான் அழிக்கச் சொல்லவில்லை, அவரே பூசாமல் விட்டுவிட்டார், என் பொய் நிற்க வேண்டுமே. கடைசி வரிசையில் காற்றாடிக்குக் கீழே போய் உட்கார்ந்தார். எல்லாரும் எழுந்தால் எழுந்தார், உட்கார்ந்தால் உட்கார்ந்தார். ஞானஸ்நானம் எப்போது என்று கேட்டார்கள். கழுத்துக் குழாயில் தண்ணீர் படக்கூடாது, முழுக முடியாது என்று சொன்னேன். அவர் என் காதருகே வந்து, "இந்தக் கொழாய் ஒண்ணுதான் என்னைக் காப்பாத்துது" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செய்தி தைப்பிங்கில் இருக்கும் அவருடைய அண்ணனுக்கும் போயிற்று. போன் வந்தது. "தம்பி மாறிட்டானாமே. நல்லா இருக்கட்டும். இனிமே நான் எதுக்கு." அத்தோடு போன் நின்றது. இவர் போட்டாலும் அவர் எடுக்கவில்லை. இருக்கிற ஒரே கூடப்பிறப்பு. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "சார்ஜ் இல்ல போல" என்றார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

அதற்குள் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இருதயம் பாதிதான் வேலை செய்கிறது, அதிக மாதங்கள் எதிர்பார்க்காதீர்கள் என்று சொல்லிவிட்டார். அவர் இருக்கும்போதே நான் உண்மையைச் சொல்லாவிட்டால், அவர் யாராக இல்லையோ அந்த ஆளாகத்தான் அவரைப் புதைப்பார்கள். சொன்னால் சபையில் தலைகாட்ட முடியாது. அதுகூடப் பரவாயில்லை. சொல்லிவிட்டால் அவருக்குப் பரலோகக் கதவு அடைத்துவிடுமோ என்று வேறு பயந்தேன். என்ன புத்தி எனக்கு. ஆண்டவர் எங்கள் சபை அறிவிப்பைக் கேட்டுத்தான் ஆளை உள்ளே விடுவாரா? இருந்தாலும் பயம் பயம்தான். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் இடித்தது. மெஷினில் அவரைக் கட்டிப் போட்டிருந்தார்கள், என்னை நானே கட்டிப் போட்டுக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை, துவைக்கப் போடுவதற்காக அவருடைய ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை எடுத்தேன். பையில் தடிப்பாக எதுவோ தட்டுப்பட்டது. நாலாக மடித்த காலண்டர் தாள். பிரித்தால் திருநீறு. மடிப்பெல்லாம் நைந்துபோயிருந்தது, துவைக்கப் போடும் முன் எடுத்துவிட்டுத் திரும்பத் திரும்ப வைத்திருக்கிறார், இந்தத் தடவை மறந்துவிட்டார். இத்தனை ஞாயிறும் அதை நெஞ்சுக்கு மேலே வைத்துக்கொண்டுதான் அந்தக் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் வாஷிங் மெஷின் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். பிறகு தாளை மடித்து, துவைத்துக் காய்ந்த சட்டையின் பையில் பழையபடி வைத்தேன்.

மறுநாள் சாட்சி நேரத்தில் மைக் என் கைக்கு வந்தது. "என் வீட்டுக்காரர் இரட்சிக்கப்பட்டார்னு நான் சொன்னது பொய். அவரு அப்படி ஒருநாளும் சொல்லல. என் மானத்துக்காக இங்க வந்து உக்காந்திருக்காரு. மன்னிச்சிருங்க" என்றேன். யாரும் கைதட்டவில்லை. பாஸ்டர் மெதுவாக மைக்கை வாங்கி, "சிஸ்டர் ரொம்பச் சோர்ந்துபோயிருக்காங்க, ஜெபிப்போம்" என்றார். எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. கடைசி வரிசையில் அவரும் மூடவில்லை.

காருக்குப் பக்கத்தில் நின்று கேட்டார். "எதுக்கு சொன்னே? நல்லாத்தான போய்க்கிட்டு இருந்துச்சு."

"என்ன நல்லா போச்சு? பையில துன்னூற ஒளிச்சி வச்சிக்கிட்டு உக்காந்திருந்தீங்க."

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். "சரி, வண்டிய எடு. அம்மாவப் பாத்துட்டு வரலாம்."

அவர் பிறந்த தோட்டம் ஈப்போவிலிருந்து ஒரு மணி நேரம். ரப்பர் எல்லாம் போய் இப்போது செம்பனை. வாசலில் காவலாளி அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு கட்டையைத் தூக்கிவிட்டான். செம்பனை வரிசைகளுக்கு நடுவே பழைய சுடுகாடு மட்டும் கம்பி வேலிக்குள் இருந்தது. அம்மாவின் சமாதியில் சிமெண்டு வெடித்திருந்தது. அவர் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் பிரித்து, நிதானமாக மூன்று விரலால் பூசிக்கொண்டார். அவர் முகம் அவரிடமே திரும்பி வந்தது.

"ஒனக்குக் கஷ்டமா இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு. பயமா இருக்கு. நீங்க போயிருவீங்க. அப்புறம் ஒங்கள எங்கயுமே பாக்க முடியாதோன்னு பயமா இருக்கு."

அவர் தாளை மடித்துப் பையில் வைத்தார். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல. இத்தன நாளா வசனமா சொன்னே. பயமா இருக்குன்னு ஒருநாளும் சொல்லலியே."

செவ்வாய்க்கிழமை நாற்காலியில் உட்கார வைத்துக் குழாயை மாட்டினார்கள். நான் ஸ்டூலில் வாயை மூடிக்கொண்டு டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"என்ன சும்மா உக்காந்திருக்கே? ஜெபம் பண்ணலியா?"

"வேணாம்னுதான்."

"பண்ணு. எனக்கும் பயந்தான். ஆனா ஆமென் நான் சொல்லமாட்டேன், அத நீயே சொல்லிக்கோ."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தேன். நெற்றியில் திருநீறு இருந்தது, இருக்கட்டும். வசனம் ஒன்றும் வரவில்லை. ஆண்டவரே, இவர் என் வீட்டுக்காரர், உமக்குத் தெரியும், இவரை விட்டுவிடாதேயும். அவ்வளவுதான் சொல்லத் தெரிந்தது. பிறகு நானே ஆமென் சொன்னேன். அதற்குப் பிறகு வாரம் மூன்று நாளும் அப்படித்தான். சில நாள் அவரே, "ஏய், மணியாச்சி" என்று கையை நீட்டுவார்.

அண்ணனுக்கு நானே போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். திட்டினார், அடுத்த பஸ்ஸில் வந்தார். நாலு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, சென்டருக்குக் கிளம்பும் முன்பே, சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கும்போது என் வீட்டுக்காரர் போய்விட்டார். அண்ணன்தான் காரியமெல்லாம் செய்தார். மின்சுடலைக்குப் பாஸ்டர் வந்தார். ஒன்றும் பேசாமல் என் பக்கத்தில் நின்றார், அதற்கு அவருக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

சபை அக்காமார் கேட்டார்கள், கடைசி வியாழக்கிழமை ஜெபிக்கும்போது அவர் உதடு கொஞ்சமாவது அசைந்ததா என்று. அசைந்தது என்று சொன்னால் அவர்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. அசையவில்லை, தூங்கிக்கொண்டிருந்தார் என்று சொன்னேன்.

செத்தவர்களுக்காக ஜெபிப்பது எங்கள் சபையில் கிடையாது. "அவரு இனி ஆண்டவர் கையில, நாம செய்ய ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்று பாஸ்டரும் சொல்லிவிட்டார். எனக்கும் தெரியும். ஆனாலும் செவ்வாய், வியாழன், சனி மத்தியானம் ஒரு மணிக்கு அந்த பிளாஸ்டிக் ஸ்டூலைச் சமையலறையில் போட்டு உட்கார்ந்து, அதே ஜெபத்தைத்தான் செய்கிறேன். இவர் என் வீட்டுக்காரர், உமக்குத் தெரியும், விட்டுவிடாதேயும். ஆமென் மட்டும் சொல்வதில்லை. சொன்னால் ஜெபம் முடிந்துவிடும்.