தறி மட்டும் பேசிய வீடு

மனைவி இறந்தபின் ராசிபுரத்து வீட்டில் நானும் மகளும் பட்டுத்தறியும்தான் இருந்தோம். சேலைக் கரையில் பூப் போட மனதுக்குள் இழை எண்ணுவேன். எண்ணிக்கை தப்பிவிடும் என்று, குழந்தை வாய் திறந்தாலே அதட்டுவேன். மூன்று வயதாகியும் அவள் பேசவில்லை. ஊமை என்றே முடிவு கட்டிவிட்டேன்.

ஒருநாள் நெய் விற்க வந்த பெண்ணின் முந்தானையை இழுத்து, மகள் "டக், டக்" என்றாள்.

"பசியாட்டம் இருக்குதுங்க. தறிச் சத்தத்துலயே கூப்புடுது. இந்தப் புள்ளைகிட்ட யாருங்க பேசறது?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

மறுநாளிலிருந்து இழைகளை வாய்விட்டு எண்ணினேன். பலமுறை தப்பியது, பிரித்துப் பிரித்து நெய்தேன். ஒரு மாதம் கழித்து, நான் எட்டில் மூச்சு வாங்க நிறுத்தியபோது, பக்கத்திலிருந்து மகள் "ஒம்போது" என்றாள்.

பேச ஆளில்லையே என்று அதுவரை தனியாக அழுதவன் நான். இருந்த ஒரே துணையை அதட்டி அடக்கியவனும் நானேதான்.