முருங்கைக்கீரைக்கு வந்த மரியாதை

முன்பெல்லாம் முருங்கைக்கீரையை நான் காசு கொடுத்து வாங்கியதே கிடையாது. எங்கள் தெருவில் யாருமே வாங்கியதில்லை. மரம் வைத்திருப்பவர் வீட்டுக்குப் போய், "ரெண்டு கொத்து ஒடிச்சிக்கட்டுமா?" என்று கேட்பதுதான் வழக்கம். கடையில் வாங்கினால், அக்கம்பக்கத்தில் யாரோடும் பேச்சு வார்த்தை இல்லாதவள் என்று அர்த்தம்.

அப்புறம் ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களை நம்பிச் செங்கம் ரோட்டில் கஃபேக்கள் வந்தன. கேழ்வரகுக் கூழைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, மேலே வாழைப்பழத் துண்டு அடுக்கி, வெள்ளைக்காரர்கள் கண்ணை மூடி ரசித்துச் சாப்பிடுவதை நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். சிரிப்பு தாங்காது. மளிகைக் கடையில் கேழ்வரகு விலையைக் கேட்ட அன்று அந்தச் சிரிப்பு நின்றது. பிறகு இளநீர், நாட்டு வாழைப்பழம், செக்கு எண்ணெய் எல்லாம் ஒவ்வொன்றாக எங்கள் கைக்கு எட்டாமல் போயின. "இன்னாம்மா பண்றது, அவங்க பேரம் பேசாம வாங்கறாங்களே," என்றார் கடைக்காரர். பேரம் பேசுவது ஏதோ எனக்கு வந்த வியாதி மாதிரி இருந்தது அவர் சொன்ன விதம்.

இந்த நேரத்தில்தான் என் மகள் ஏழு மாதக் கர்ப்பத்தோடு பிரசவத்துக்கு வந்தாள். உடம்பில் ரத்தம் கம்மி. சத்து மாத்திரை போட்ட கால் மணி நேரத்தில் வாந்தி. அடுத்த முறை வருவதற்குள் ரத்தம் ஊறவில்லை என்றால் ஊசி வழியாக ஏற்ற வேண்டியிருக்கும், அதுவரை தினமும் முருங்கைக்கீரை கொடுங்கள் என்றார் டாக்டர். இது ஒரு பெரிய விஷயமா, சுவருக்கு அந்தப் பக்கமே மரம் இருக்கிறதே என்று தைரியமாக வீட்டுக்கு வந்தேன்.

அந்த மரம் எங்கள் மரத்தின் பிள்ளை. கம்பளிப்பூச்சித் தொல்லை தாங்காமல் எங்கள் மரத்தை நான் வெட்டிச் சாய்த்த அன்று, பக்கத்து வீட்டு அக்கா ஒரு கிளையைக் கேட்டு வாங்கித் தன் பக்கம் நட்டுக்கொண்டார். "பூச்சியும் சேத்து எடுத்துட்டுப் போங்க," என்றுகூடச் சொன்னேன்.

வந்து பார்த்தால், மரத்தடியில் ஒரு கஃபே ஆள் கோணிப்பையில் கீரையை அமுக்கி அடைத்துக்கொண்டிருக்கிறான். காயவைத்துப் பொடி செய்வார்களாம். அந்தப் பொடியைப் பாலில் கலக்கி விற்பதை மகள் போனில் காட்டினாள். ஒரு டம்ளர் விலைக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் டிபன் சாப்பிடலாம். "மொரிங்கான்னு போட்டிருக்காம்மா. நம்ம முருங்கதான்."

விற்கிறவரிடம் போய் எப்படி இனாமாகக் கேட்பது? காசு தருகிறேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. என் மரத்துப் பிள்ளைக்கு நானே விலை கொடுப்பதா? நாலு நாள், அக்கா எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். மார்க்கெட்டில் கேட்டதற்கு, "எங்க வருது, எல்லாம் பொடிக்குப் பூடுது," என்றாள் கீரைக்காரி. மகளுடைய கண்ணின் கீழ் இமையை இழுத்து இழுத்துப் பார்ப்பேன். வெளுத்தே இருக்கும். பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம், அக்கா சீரியல் பார்க்கிற நேரம், தொரட்டியை எடுத்தேன். எங்கள் சுவர்மேல் ஒரு கிளை தழைத்துச் சாய்ந்திருந்தது. இரண்டே கொத்துக்குத்தான் ஆசைப்பட்டேன். முருங்கைக்கு அதெல்லாம் தெரியுமா? மொத்தக் கிளையும் மடாரென்று முறிந்து, துணிக்கொடியை அறுத்து, காயவைத்த வடகத்தின் மேலும் என் மேலும் விழுந்தது.

சுவருக்கு மேலே அக்காவின் தலை எழும்பியது. நான் இலைக்கு நடுவே தொரட்டியோடு நின்றேன்.

"இன்னாத்துக்கு இந்தத் திருட்டு வேல? கேட்டா குடுக்க மாட்டேனா?"

"நீங்கதான் விக்கறீங்களேக்கா."

"விக்கறேன்தான். ஆனா இந்தக் கிளைய அவன் தொட்டானா? ஜாஸ்தி காசு தரேன்னு கெஞ்சினான். மாசமா இருக்கற பொண்ணு வந்திருக்கு, இது அவங்க வீட்டுக்குன்னு சொல்லிட்டேன். நீ கேப்பன்னு நாலு நாளா பாக்கறேன். நீ என்னடான்னா மூஞ்சியத் திருப்பிக்கினு போற."

நிமிர்ந்து பார்த்தேன். மற்றக் கிளைகளெல்லாம் நுனியில் கொஞ்சம் துளிரும் பூவும் தவிர மழித்தது போல் மொட்டையாக இருந்தன. இலையோடு இருந்தது இந்த ஒன்றுதான். நாலு நாளாக அந்த மரத்தை முறைத்திருக்கிறேன், இது கண்ணில் படவில்லை. வெட்கத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

முறிந்த கிளைக் கீரை மறுநாளைக்குத் தாங்காது. அன்று ராத்திரி தெருவில் எல்லார் வீட்டிலும் முருங்கைக்கீரைப் பொரியல்.

மறுநாள் காலை அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். "அக்கா, ரெண்டு கொத்து ஒடிச்சிக்கட்டுமா?"

"உங்க கிளையத்தான் நீயே ஒடிச்சிப் போட்டுட்டியே. இனிமே துளிர்க்கறது எல்லாம் கஃபே கிளை. கஃபே வெலதான்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்காமல் கையை நீட்டினார். என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் பேரம் பேசாமல் காசை எடுத்துக் கொடுத்தேன். எண்ணி வாங்கிக்கொண்டு, இருந்த துளிரை ஒடித்து, மேலே ஒரு கை முருங்கைப்பூவையும் கொசுறாகப் போட்டார். தினமும் அதே விலை, அதே கொசுறு.

அடுத்த முறை டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, ரத்தம் ஏற்றத் தேவையில்லை என்றார். ஆட்டோவை விட்டு இறங்கியதும் நேராக அக்கா வீட்டுக்கு ஓடினேன். "அக்கா, ரத்தம் ஊறிடுச்சு!"

சீரியலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "பின்ன ஊறாதா? கஃபே கீரையாச்சே."